கப்பல் கேபினில் சார்ஜ் ஏறவில்லையா? தொல்லையைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

அம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் தொல்லை உண்டு. மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளாதபடி காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் கருவியின் முகமூடியை மாட்டாமல் அவர் இரவில் கண்ணயரக் கூடாது. சிங்கப்பூரில் கப்பலேறிய முதல் நாள் இரவு பத்தரை மணிக்கு, அந்தக் கருவியின் மூன்று பின் பிளக்கைக் கையில் பிடித்தபடி கேபினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேசைமேல் தட்டைத் துளைகளோடு அமெரிக்க சாக்கெட் இரண்டு. அவற்றை ஒட்டி, கிண்ணம்போல் குழிந்த ஐரோப்பிய சாக்கெட் ஒன்று. மூன்றிலும் அது நுழையவில்லை. நான் வாங்கி வந்திருந்த அடாப்டரோ இரண்டு பின் சார்ஜரை மட்டும் ஏற்கும் ரகம். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே எட்டடி இடைவெளி வேறு. கேபின் பணியாளரை அழைத்தோம். பிளக்கின் தடித்த பின்களைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கால் மணி நேரத்தில் கப்பலுக்கே உரிய நீட்டிப்பு வயரும் பொருத்தமான அடாப்டரும் கொண்டுவந்தார். அதுவரை அம்மா முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கால் மணி நேரம் வேறு யாருக்கும் வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் பொடி எழுத்து

துளையின் வடிவம் வேறு, அதில் வரும் வோல்ட் வேறு. அடாப்டர் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டைத் தொடாது. பெரும்பாலான கப்பல்களில் தட்டைத் துளையில் 110 முதல் 120 வோல்ட் வரும், உருண்டைத் துளையில் 220 முதல் 240 வோல்ட் வரும். நம் வீட்டில் இருப்பது 230.

சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'இன்புட்' என்றொரு வரி இருக்கும். கண்ணுக்கு எட்டவில்லையென்றால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் கவலையே இல்லை. எந்தத் துளையிலும் செருகலாம். போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் இன்று அநேகமாக எல்லாமே இந்த ரகம்தான். 220–240 என்று மட்டும் இருந்தால் உருண்டைத் துளைக்கு மட்டுமே உரியது. 120 என்று மட்டும் இருந்தால், அது அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ வாங்கிவந்த பொருளாக இருக்கும். தட்டைத் துளையைத் தவிர வேறு எதிலும் செருகாதீர்கள். அடாப்டர் போட்டு உருண்டைத் துளையில் மாட்டினால் வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சூடு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. சில நொடிகளில் புகை வரும்.

கப்பல் மின்சாரம் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், நம் நாட்டில் 50. சார்ஜர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் பழைய பிளக் கடிகாரம் மட்டும் அங்கே மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்திவிடும்.

பிளக் துளைக்குள் போகவில்லை

நம் ஊர் இரண்டு பின் போன் சார்ஜர் ஐரோப்பியத் துளைக்குள் அடாப்டர் இல்லாமலே போய்விடும். பின்னின் தடிமன் 4 மில்லிமீட்டர்; ஐரோப்பிய சாக்கெட் 4 முதல் 4.8 மில்லிமீட்டர் வரை ஏற்கும். நிறையப் பேருக்கு இது தெரியாமல், இருக்கும் ஒரே அடாப்டருக்காக வீட்டில் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

மூன்று பின் பிளக் கதை வேறு. நம் சிறிய மூன்று பின் பிளக்கின் கீழிரண்டு பின்களும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், மேலே நிற்கும் எர்த் பின் 7 மில்லிமீட்டர். அந்த எர்த் பின் ஐரோப்பிய சாக்கெட்டின் கிண்ண விளிம்பில் இடித்து நிற்கும். சிலர் பின்னைச் சுரண்டியோ எர்த் பின்னை முறித்தோ உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பிடிப்பு ஒருமுறை விரிந்துவிட்டால் அடுத்து அங்கே செருகுபவருக்குத் தீப்பொறிதான் மிஞ்சும்.

இதற்கு அடாப்டரைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. லேப்டாப் சார்ஜரிலும் சிபேப் கருவியிலும் செங்கல் மாதிரி ஒரு பெட்டி இருக்குமே, அதிலிருந்து சுவருக்குப் போகும் வயரைப் பெரும்பாலும் கழற்ற முடியும். கழற்றிய முனையின் வடிவத்தைப் பார்த்து, அதே முனையும் மறுபக்கம் ஐரோப்பியப் பிளக்கும் உள்ள வயரை வாங்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அடாப்டரே தேவைப்படாது. தொங்குவதில்லை, கழன்று விழுவதில்லை, எர்த்தும் சரியாகக் கிடைக்கும். அம்மாவின் கருவிக்கு இப்போது இந்த வயர்தான்.

அமெரிக்கத் தட்டைத் துளையில் ஒரு நுணுக்கம்: சில அடாப்டர்களில் ஒரு தகடு மற்றதைவிடச் சற்று அகலம். ஒரு பக்கமாகப் பிடித்தால் போகும், திருப்பிப் பிடித்தால் போகாது. அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள்.

உள்ளே போகிறது, ஆனால் உயிர் இல்லை

நம் வீட்டில் பிளக்கைச் செருகியதும் கை ஸ்விட்ச்சைத் தேடும். கப்பலின் அமெரிக்க, ஐரோப்பிய சாக்கெட்டுகளில் ஸ்விட்ச் கிடையாது. பொதுவாக எப்போதும் மின்சாரம் இருக்கும். அப்படியும் சார்ஜ் ஏறவில்லையென்றால் கதவருகே பாருங்கள். கேபின் அட்டையைச் செருகும் பட்டை சில கப்பல்களில் உண்டு. அட்டையை உருவினால் விளக்கோடு சில சாக்கெட்டுகளும் அணைந்துவிடும். காலையில் போனை மாட்டிவிட்டு வெளியே போய் மாலையில் திரும்பினால் அதே 12 சதவீதம் காட்டுவதற்குக் காரணம் இதுதான். மேசை விளக்கின் பொத்தானோடு சேர்ந்து இயங்கும் சாக்கெட்டுகளும் இருக்கின்றன. விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஆழம். ஐரோப்பிய சாக்கெட்டின் கிண்ணம் சுமார் 17.5 மில்லிமீட்டர் ஆழம், பின்னின் நீளம் 19. இன்றைய வேக சார்ஜர்கள் சதுரமாகவும் தடியாகவும் வருவதால், உடல் விளிம்பிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும், பின் முனை தொட வேண்டிய இடத்தைத் தொடாது. மூக்கு குறுகிய ஒரு சிறு அடாப்டரை நடுவில் மாட்டினால் தீர்ந்தது.

எல்லா நாட்டுக்கும் ஒரே அடாப்டர் என்று விற்கும் பெட்டி வைத்திருப்பவர்கள், தள்ளிய பின்கள் 'டிக்' என்று பூட்டிக்கொண்டனவா என்று பாருங்கள். பாதி தள்ளிய நிலையில் உள்ளே தொடர்பு இருக்காது. அப்படியும் இயங்கவில்லையென்றால் அதன் சிறு கண்ணாடி ஃபியூஸ் போயிருக்கலாம். பல பெட்டிகளில் உதிரி ஃபியூஸ் ஒன்றை உள்ளேயே வைத்திருப்பார்கள்.

ஏறுகிறது, ஆனால் விடிய விடிய ஏறுகிறது

கட்டிலோரத்து யூஎஸ்பி துளையைத்தான் பெரும்பாலும் குற்றம் சொல்ல வேண்டும். பழைய துளைகள் 5 வோல்ட்டில் ஒரு ஆம்ப், அதாவது 5 வாட் தந்தாலே அதிகம். இன்றைய போன் 20 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்கிறது. சுவர் சாக்கெட்டில் உங்கள் சார்ஜரையே மாட்டுங்கள். இரு முனையும் 'டைப் சி' ஆன வயரை மட்டும் எடுத்துவந்துவிட்டு, கப்பலில் பழைய அகலத் துளையைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு ரக வயரும் பையில் இருக்கட்டும்.

நாலு பேர், எட்டுப் பொருள், துளை இரண்டு

இங்கேதான் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் வருகிறது. வீட்டில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸையோ ஸ்பைக் பஸ்டரையோ பெட்டியில் போட்டு எடுத்து வராதீர்கள்.

வீட்டில் இரண்டு வயர்களில் ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரல் மண்ணோடு கட்டப்பட்டது. கப்பலில் மண் ஏது? இரும்பு உடல்தான் அங்கே எர்த். வீட்டில் நியூட்ரலை மண்ணோடு கட்டுவதுபோல் அங்கே கட்டுவதில்லை. பொதுவாக இரண்டு வயர்களையும் கப்பல் உடலோடு சேர்க்காமல் தனித்தே வைக்கிறார்கள். நடுக்கடலில் எங்கோ ஒரு வயர் இரும்பில் பட்டுவிட்டால்கூட மின்சாரம் உடனே அறுந்துபோகாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே அங்கே இரண்டு வயர்களும் உயிருள்ளவை.

ஸ்பைக் பஸ்டருக்குள் காசு அளவில் ஒரு வில்லை இருக்கிறது, வேரிஸ்டர் என்பார்கள். வயருக்கும் எர்த்துக்கும் நடுவே நின்று, வோல்ட் எகிறினால் அதை எர்த்துக்குள் தள்ளிவிடுவது அதன் வேலை. கப்பலில் வேறெங்கோ ஒரு வயர் இரும்பில் பட்டால், மற்ற வயருக்கும் இரும்புக்கும் இடையிலான வோல்ட் உயர்ந்துவிடும். வில்லை அதை எகிறல் என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கடத்திச் சூடேறும். பெட்டியிலுள்ள பொத்தானோ ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். மற்ற வயர் வழியாக மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கதையாகச் சொல்லவில்லை. ஒரு சரக்குக் கப்பலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு அறைகள் தீப்பற்றியதற்கு இதுவே காரணம் என்று கண்டறிந்து, அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-ல் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. கரையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும் பொருள் கப்பலில் தீ வைக்கும் என்பதுதான் அதன் சாரம்.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் 'சர்ஜ்', 'ஸ்பைக்' என்ற சொல்லோ, ஜூல் என்ற அளவோ இருந்தால் அது கப்பலுக்கு ஆகாது. சர்ஜ் தடுப்பு இல்லாத நீட்டிப்புப் பலகையைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில அதையும் தடுக்கின்றன. ராயல் கரீபியன் 2024-ல் பல துளை பிளக்குகளையும் நீட்டிப்பு வயர்களையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. டிக்கெட் போட்டதும் உங்கள் கப்பலின் தடைப்பட்டியலைப் படித்துவிடுங்கள். அது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

சரி, எட்டுப் பொருளுக்கு என்ன வழி? நான்கைந்து யூஎஸ்பி துளைகள் உள்ள 65 வாட் சார்ஜர் ஒன்று போதும். சுவரில் ஒரு துளையைத்தான் அது பிடிக்கும். போன், கைக்கடிகாரம், காதில் மாட்டும் கருவி, பல லேப்டாப்புகள்கூட அதிலேயே ஏறிவிடும். ஒளிந்திருக்கும் சாக்கெட்டுகளையும் பணியாளரிடம் கேளுங்கள்: டிவிக்குப் பின்னால், மேசைக்கு அடியில், கட்டில் தலைமாட்டில், ஹேர் டிரையர் இருக்கும் இழுப்பறைக்குள். கட்டிலை நீங்களே நகர்த்த வேண்டாம்; குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கவும் வேண்டாம்.

துளை ஏன் இவ்வளவு குறைவு என்று கோபப்படுபவர்களுக்கு: 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றத் தொடங்கிய எம்ப்ரஸ் கப்பல் 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. அந்தக் காலத்துக் கேபினில் பயணிக்கு மின்சாரம் தேவைப்பட்டது ஷேவருக்கும் ஹேர் டிரையருக்கும்தான்.

பெட்டி கேபினுக்கு வந்து சேரவில்லை

கப்பலேறும்போது கொடுத்த பெட்டி இரவுச் சாப்பாட்டு நேரம் கடந்தும் வரவில்லையென்றால், எக்ஸ்ரேயில் ஏதோ தென்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. பாதுகாப்பு மேசைக்குப் போங்கள். உங்கள் முன்னால் திறந்து, இஸ்திரிப்பெட்டியையோ கெட்டிலையோ ஸ்பைக் பஸ்டரையோ எடுத்துச் சீட்டு கட்டி வைத்துக்கொண்டு பெட்டியைத் தந்துவிடுவார்கள். வாதாடிப் பயனில்லை. மருந்தையும் மூச்சுக் கருவியையும் இந்தப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பவர் பேங்கும் கைப்பையில்தான். விமானத்திலும் அதை அங்கேதான் வைக்க வேண்டும், 100 வாட் மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்ப் மணி (mAh) என்று போட்டிருப்பது சுமார் 74 வாட் மணி.

லேப்டாப்பைத் தொட்டால் விர்ரென்கிறது

மூன்று பின் சார்ஜரை எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருப்பீர்கள். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் வழியாக மிக மெல்லிய மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் அது அந்த வழியே போய்விடும். இல்லாதபோது லேப்டாப்பின் உலோக உடலில் தங்கி, உங்கள் கை வழியே போகப் பார்க்கும். ஈரக் கையோடு தொட்டால் இன்னும் நன்றாக உறைக்கும். பொதுவாக ஆபத்து இல்லை. ஆனால் எர்த் தகடுள்ள அடாப்டருக்கோ முன்பு சொன்ன மாற்று வயருக்கோ மாறிவிடுங்கள். விர்ரென்பது போய் 'சுருக்'கென்று அடித்தால் உடனே கழற்றிவிட்டு வரவேற்பு மேசையில் சொல்லுங்கள்.

ஹேர் டிரையர் முனகுகிறது, கெட்டில் கொதிக்கவில்லை

230 வோல்ட்டுக்கான பொருளைத் தட்டைத் துளையில் மாட்டியிருக்கிறீர்கள். வோல்ட் பாதியானால் ஆம்பும் பாதி. சூடு கால் பங்காகிவிடும். ஆயிரம் வாட் கெட்டில் அங்கே 250 வாட் கெட்டில். உருண்டைத் துளைக்கு மாற்றலாமே என்று கேட்பீர்கள். கெட்டில், இஸ்திரிப்பெட்டி, நீர் சூடாக்கும் கம்பி எல்லாம் பொதுவாகத் தடை செய்யப்பட்டவை. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது என்ற ஒரே காரணம் போதும். ஹேர் டிரையரை அநேகமாக எல்லாக் கேபின்களிலும் வைத்திருக்கிறார்கள். குழந்தைப் பாலுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் ஒரு பிளாஸ்க் எடுத்துச் சென்று உணவுக்கூடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

குளியலறைச் சாக்கெட்டில் ஹேர் டிரையரை மாட்டி அது அணைந்துபோனால், அது ஷேவருக்கு மட்டுமான சாக்கெட். ஈரக் கையைக் காப்பாற்றத் தனியாக ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அதன் பின்னால் இருக்கிறது. சில பத்து வாட் மட்டுமே தரும். மின் பல்துலக்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூச்சுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு

நான் செய்த தவறு கருவியைப் பற்றி முன்கூட்டியே எழுதாததுதான். டிக்கெட் போடும்போதே மருத்துவ உதவிப் பிரிவுக்குச் சிபேப் இருக்கிறது என்று தெரிவித்துவிட்டால், நீட்டிப்பு வயரும் காய்ச்சி வடித்த நீரும் பல கப்பல்களில் நீங்கள் வரும்போதே கேபினில் இருக்கும். தடைப்பட்டியலில் நீட்டிப்பு வயர் இருந்தாலும் கப்பலே தரும் வயருக்குத் தடை இல்லை.

நெபுலைசரில் கூடுதல் கவனம் தேவை. நம் ஊரில் விற்கும் கம்ப்ரஸர் வகை பெரும்பாலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மட்டுமே. தட்டைத் துளையில் அது வெறுமனே உறுமும். பேட்டரியில் ஓடும் சிறிய மெஷ் வகை கிடைக்கிறது. பயணத்துக்கு அதை வாங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கப்பலின் முக்கிய மின்சாரம் நின்றுபோனால் எமர்ஜென்சி ஜெனரேட்டர் ஓடும். பயணிகள் கப்பலில் அது 36 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் அது வழிவிளக்குக்கும் தகவல் தொடர்புக்கும் தீயணைப்புப் பம்புக்கும் உரியது. உங்கள் கட்டிலோரச் சாக்கெட்டுக்கு வரும் என்று எண்ணியிருக்கக் கூடாது. ஒரு இரவுகூடக் கருவி இல்லாமல் முடியாது என்றால் அதற்கான பேட்டரியையும் எடுத்துச் செல்லுங்கள், மருத்துவ அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

கரை இறங்கினால் வேறு துளை

சிங்கப்பூர், மலேசியாவில் மூன்று செவ்வகத் துளைகள். இலங்கையிலும் இப்போது பரவலாக அதுவே. பழைய கட்டடங்களில் நம் உருண்டை மூன்று பின்னும் உண்டு. செவ்வகத் துளைகளில் கீழிரண்டும் மூடியிருக்கும். மேல் எர்த் பின் நுழைந்தால்தான் திறக்கும். நம் இரண்டு பின் சார்ஜரைச் செருகுவதற்காகப் பேனாவையோ சாவியையோ மேல் துளையில் குத்துவதைத் துறைமுகக் காத்திருப்பு அறைகளிலேயே பார்க்கிறேன். அந்த மூடி குழந்தைகளின் விரலைக் காப்பதற்காக வைத்தது. ஒரு அடாப்டரின் காசை மிச்சம் பிடிக்க அதைக் குத்தித் திறக்காதீர்கள்.

அடாப்டர் சுடுகிறது, கருகல் வாசனை வருகிறது

கனமான அடாப்டரைத் தேய்ந்த அமெரிக்க சாக்கெட்டில் மாட்டினால், கப்பலின் ஓயாத அதிர்வில் அது மெல்ல மெல்லத் தலை சாய்ந்து, பிடிப்பு விடும். இளஞ்சூடு இயல்பானது. தொட்டதும் கையை எடுத்துவிடும் அளவுக்குச் சுட்டால், முதலில் கருவியை அணையுங்கள், உலர்ந்த கையால் அடாப்டரின் உடலைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். அந்தச் சாக்கெட்டை மறுபடி தொடாமல் வரவேற்பு மேசைக்குச் சொல்லுங்கள். கப்பலில் மின்பணியாளர் இரவிலும் இருப்பார். புகை வந்துவிட்டால் நின்று அணைக்கப் பார்க்காதீர்கள். வெளியே வந்து, கதவைச் சாத்தி, கேபின் தொலைபேசியில் எழுதியிருக்கும் அவசர எண்ணுக்கோ அருகிலிருக்கும் ஊழியருக்கோ தெரிவியுங்கள். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் தலையணைக்கு அடியில் எதையும் சார்ஜில் விடாதீர்கள்.

இறங்கும் நாள் காலை

பெட்டிகளை முந்தின இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அதற்குமுன் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிவிக்குப் பின்னால் மாட்டிய அடாப்டர்தான் அதிகம் மறந்துபோவது. அம்மாவின் வயரை நான் கருவியின் பைக்குள்ளேயே சுருட்டி வைத்துவிடுவேன். முதல் நாள் எடுத்துவைக்கப்பட்ட பொருள் இருந்தால் அதன் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும் வழியில் அதற்கென ஒரு மேசை போட்டிருப்பார்கள்.